வெள்ளைக்காரன் போயிட்டான், பைலை வச்சிட்டுப் போயிட்டான்

குற்றாலத்தில் சீசன் முடிந்து, சிப்ஸ் கடைகள் பாதி சாத்தி, மெயின் அருவியில் தண்ணீர் நூல் மாதிரி விழும் நாட்களில்தான் எங்களுக்கு அங்கே உட்கார இடம் கிடைக்கும். ஆறு பேர். எல்லோரும் சமூகப்பணி படிக்கிறவர்கள் அல்லது படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். மாதம் ஒரு புத்தகம் என்று ஆரம்பித்தோம். குற்றாலத்தில் உட்கார்ந்து புத்தகம் பேசுவது புதுசு ஒன்றும் இல்லை. வட்டத்தொட்டி என்று கூடி நாள்கணக்கில் கம்பனைப் பேசிய ரசிகமணி டி.கே.சி. தன் கடைசிக் காலத்தைக் கழித்தது இங்கேதான். அவர்கள் கம்பனைப் பேசினார்கள், நாங்கள் ஜெயிலைப் பேசினோம். அவ்வளவுதான் வித்தியாசம். (ரசனையில் உள்ள வித்தியாசத்தை விட்டுவிடுங்கள்.)

முதல் புத்தகம் ஏஞ்சலா டேவிஸ் 2003-ல் எழுதியது. சிறைகள் காலாவதியாகிவிட்டனவா என்று கேட்கிற சின்னப் புத்தகம். கசையடிக்கும் தூக்குக்கும் மாற்றாக, ஒரு சீர்திருத்தமாகத்தான் சிறை வந்தது, அதனால் சிறையைச் சீர்திருத்துவோம் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் இன்னும் பெரிய சிறையைக் கட்டிவிட்டு வருகிறார்கள் என்பது அவர் வாதம். படித்து முடித்ததும் சண்டை ஆரம்பித்தது.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் பிரச்சினைவே. அங்க கறுப்பர்களைப் பிடிச்சு உள்ள போடுதான். நமக்கு இதுல என்ன சோலி?" என்றான் ஒருவன்.

இன்னொருவர் எங்களில் மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் நேர் எதிர்ப்பக்கம் போனார். "காலனிய நீக்கம்னா என்ன தம்பி? வெள்ளைக்காரன் கொடுத்த கேஸ் ஒர்க், கவுன்சிலிங் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நம்ம பழைய முறைக்குப் போகணும். அன்னச்சத்திரம், ஊர்க்கட்டு, கூட்டுக் குடும்பம். அப்ப எவன் அநாதையா இருந்தான்?"

இரண்டு பேரும் தப்பு என்பதுதான் என் கட்சி. அன்று கோர்வையாகப் பேச வரவில்லை, பார்டர் புரோட்டா சாப்பிடப் போகிற அவசரத்தில் பேச்சு கலைந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த வார்த்தை. ஒழிப்பு என்றால் நமக்குத் தெரியாதா? ஜமீன்தாரி ஒழிப்பு, தேவதாசி முறை ஒழிப்பு, கொத்தடிமை ஒழிப்பு, கொசு ஒழிப்பு எல்லாம் பார்த்த ஊர் இது. ஒரு முறையை ஒழிக்கிறோமா அல்லது அதில் மாட்டிக்கொண்ட ஆளை ஒழிக்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்பு என்று 1976-ல் சட்டம் போட்டபோது ஒழிக்க நினைத்தது கடனையும் ஆண்டையின் பிடியையும். ஆனால் 1945-ல் மதராஸ் மாகாணத்தில் பிச்சை தடுப்புச் சட்டம் வந்தபோது பிடித்தது பசியை அல்ல, பசித்தவனை. அந்தச் சட்டம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, பெயரில் மட்டும் மதராஸ் போய் தமிழ்நாடு வந்துவிட்டது. டெல்லியில் நடைமுறையில் இருந்த பம்பாய்ச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. பிழைக்க வழியில்லாதவனைக் குற்றவாளி ஆக்க முடியாது என்பது அதன் சாரம். அந்தப் பம்பாய்ச் சட்டத்தின் வருஷத்தைக் கவனியுங்கள்: 1959. வெள்ளைக்காரன் கப்பல் ஏறி 12 வருஷம் ஆன பிறகு நாமே உட்கார்ந்து எழுதியது. பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, ஏதாவது பொருளை நீட்டி விற்பது, இந்தச் சாக்கில் காசு வாங்கினாலும் அது பிச்சைதான் என்று அதில் இருக்கிறது. கம்பளத்தாரும் குறவரும் குடுகுடுப்பைக்காரரும் ஒரே வரியில் குற்றவாளி ஆகிவிட்டார்கள்.

இப்போது "அமெரிக்காக்காரன் பிரச்சினை" நண்பனுக்கு.

எங்கள் பாடத்தில் சமூகப்பணியின் வரலாறு எப்படி வரும் தெரியுமா? மேரி ரிச்மண்ட் 1917-ல் 'சோஷியல் டயக்னோசிஸ்' எழுதினார். கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி பம்பாய் நாக்பாடாவில் வேலை செய்தார், 1936-ல் டாட்டா பள்ளி வந்தது. 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். பரீட்சைக்கு இதை எழுதினால் முழு மார்க். எல்லாம் உண்மைதான். ஆனால் இது குடும்பத்தின் பாதிக் கதை. கல்யாணப் பத்திரிகையில் போடாத சித்தப்பா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார் அல்லவா, அவர் கதையைச் சொல்கிறேன்.

1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே குற்றவாளி. கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக சீட்டு வாங்க வேண்டும். கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்குத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்பட 16 பேர் செத்தார்கள். இது பலருக்குத் தெரியும். பலர் சொல்லாதது அடுத்த விஷயம். பிடித்த ஆட்களை வைத்துக்கொள்ள அரசாங்கம் செட்டில்மெண்ட் என்று முள்வேலிக் குடியிருப்புகள் வைத்ததே, அதில் பலவற்றை நடத்தக் கூப்பிட்டது யாரை? போலீஸை அல்ல. இரட்சணிய சேனை மாதிரி சேவை அமைப்புகளை. ஆந்திராவில் இன்றும் இருக்கும் ஸ்டூவர்ட்புரம் அப்படி வந்த ஊர். இரட்சணிய சேனையின் பூத் டக்கர் இதற்கு ஒரு தனி 'இயலே' கண்டுபிடித்துப் பெயரும் வைத்தார்: கிரிமினோகியூராலஜி. குற்றத்தைக் குணப்படுத்தும் இயல்! பள்ளிக்கூடம், நெசவு, பஜனை, ஒழுக்கம், கூடவே ஆஜர் பட்டியல். இதில் எது சேவை, எது காவல்? பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

ரிச்மண்டின் புத்தகம் வருவதற்கு முன்பே இங்கே ஆளை வைத்து, கேள்வி கேட்டு, குடும்ப விவரம் எழுதி, முன்னேற்றம் குறித்து, நல்லவன் ஆகிவிட்டானா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கு அப்போது சமூகப்பணி என்று பெயர் இல்லை. அவ்வளவுதான்.

சட்டம் 1947-ல் இங்கே ஒழிந்தது, முத்துராமலிங்கத் தேவரும் ஜீவாவும் போல எதிரெதிர் முகாம்காரர்கள் ஒன்றாக எதிர்த்த சட்டம். ஒழிந்த மறு வருஷமே, 1948-ல், பழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. சாதி என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பழக்கம்' என்ற சொல்லைப் போட்டார்கள். இதே 1947-ல்தான் சிறார் பள்ளிகளையும் பெண்கள் இல்லங்களையும் பார்த்துக்கொள்ளும் துறை சிறைத்துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. பின்னால் அது சமூகப் பாதுகாப்புத் துறை ஆனது, இப்போது பெயர் மறுபடி மாறிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அரசு வேலை என்றால் பெரும்பாலும் அங்கேதான். ஜெயிலின் விலா எலும்பிலிருந்து பிறந்த துறை. இதை நான் திட்டிச் சொல்லவில்லை, பிறந்த கதையைச் சொல்கிறேன்.

தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பாளையங்கோட்டை. அந்த மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனிப் பிரிவுகளில் கைதிகளை வைத்திருந்ததை எதிர்த்து மதுரைக் கிளைக்கு ஒரு வழக்குப் போனது. சேர்த்து வைத்தால் மோதல் வரும் என்று நிர்வாகம் சொன்னதை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிறகு பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சண்டை வராமல் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதிவாரியாகப் பிரிப்பது வழி அல்ல என்று சொல்லிவிட்டது. கைதிகள் பதிவேட்டில் இருக்கும் சாதிக் கட்டத்தையே நீக்கு என்றும் உத்தரவு. எத்தனை வருஷம் கழித்து? குடியரசாகி 74 வருஷம் கழித்து.

இது அமெரிக்காக்காரன் பிரச்சினையாவே?

அடுத்து அண்ணாச்சி. இவர் வாதம்தான் எனக்கு அதிகப் பயம். ஏனென்றால் கேட்க இனிமையாக இருக்கிறது, இப்போது இதைத்தான் மேடையில் எல்லோரும் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் வரும் முன் எல்லாம் சரியாக இருந்தது. அப்படியா?

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை எவ்வளவு தூரம்? ஆட்டோவில் போகிற தூரம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்ப் பக்கம், நாம் மதராஸ் பக்கம். கம்பெனி ஆட்சியில் 1843-ல் அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தது. அதுவும் அரைகுறைச் சட்டம், அடிமை உரிமையைக் கோர்ட் ஏற்காது என்று சொன்னதே தவிர, போய் யாரையும் அவிழ்த்துவிடவில்லை. மிராசுதார்களின் நிலவருவாய் கெட்டுவிடக் கூடாதே! அந்தப் பக்கம், சுதேச ராஜா ஆண்ட, சத்திரமும் ஊட்டுப்புரையும் நிறைந்த தர்ம ராஜ்யத்தில் அடிமைமுறை சட்டப்படி முழுதாக ஒழிய 1855 ஆகிவிட்டது. இடையில் 12 வருஷம். அந்த 12 வருஷமும் குற்றாலத்தில் நிற்கிறவன் சட்டத்தின் கண்ணில் ஒரு விதம், புலியருவி தாண்டி அந்தப் பக்கம் நிற்கிறவன் வேறு விதம். அந்த ராஜ்யத்து ஊட்டுப்புரையில் யாருக்கு இலை போட்டார்கள் அண்ணாச்சி? பிராமணர்களுக்கு. வயலில் நின்றவன் ஊட்டுப்புரை வாசல் பக்கம் போக முடியுமா?

இன்னொன்று சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் துணிச்சலில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் பையில் இருந்த கடிதத்தில் நாடு அடிமைப்பட்ட கோபத்தோடு சனாதன தர்மம் மிதிபடுகிறதே என்ற கோபமும் இருந்தது, ராஜாவைத் திட்ட அவர் எடுத்த வசையில் 'பஞ்சமன்' என்ற சொல்லும் இருந்தது. (ஆஷ் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை அக்கிரகாரம் வழியாகத் தூக்கிப்போனார் என்று ஒரு கதை சுற்றுகிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது, அதை வைத்து நான் பேசவில்லை.) வெள்ளைக்காரனை வெளியேற்ற வேண்டும் என்பதும், கீழே இருப்பவன் கீழேயே இருக்க வேண்டும் என்பதும் ஒரே நெஞ்சில், ஒரே காகிதத்தில் இருக்க முடியும். குற்றப் பரம்பரைச் சட்டம் மதராஸுக்கு வந்ததும் அதே 1911. அந்த வருஷத்தை நினைக்கும்போது எனக்கு இரண்டும் சேர்ந்துதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே காலனிய நீக்கம் என்றால் இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துவிட்டு சமஸ்கிருத வார்த்தையைப் போடுவது அல்ல. வெள்ளைக்காரன் வெறுங்கையோடு வந்து எழுதவில்லை. கிராமத்தில் யார் திருடன், யார் தீட்டு என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் சொன்னார்கள், அவன் பதிவேட்டில் எழுதிக்கொண்டான். பதிவேடு அவனுடையது, சேதி நம்முடையது.

இனி என் கதை கொஞ்சம். பெருமைக்குரிய கதை இல்லை.

முதல் வருஷம் களப்பணிக்கு ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். எந்த ஊர், யார் நடத்துவது என்று சொல்லப்போவதில்லை. கோயில் வாசலில் பிடித்துக் கொண்டுவந்த ஓர் ஆச்சிக்கு நான் கேஸ் ஹிஸ்டரி எழுத வேண்டும். அச்சடித்த பாரம். பெயர், வயசு, சாதி, பிறகு 'பழக்கங்கள்'. ஆச்சி கடையம் பக்கம். விரலைப் பார்த்ததுமே தெரிந்தது, நாற்பது வருஷம் பீடி சுற்றிய விரல். பீடித் தட்டை மடியில் வைத்தே பிள்ளை பெற்றதாகச் சொன்னாள். ஏஜெண்டிடம் இலையும் தூளும் வாங்கி, சுற்றி, கட்டாக்கிக் கொடுத்திருக்கிறாள். பாஸ்புக் அவள் பெயரில் இல்லை. அடுத்த வீட்டுக்காரி பாஸ்புக்கில் சுற்றியிருக்கிறாள். பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது, நல நிதி 1976-ல் வந்தது. பாஸ்புக் இல்லாதவளுக்கு அந்தச் சட்டமும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை, பென்ஷனும் இல்லை. கண் மங்கியதும் தட்டு போனது. மகன் வீட்டில் சோறு போனது. கோயில் வாசலுக்கு வந்தாள்.

இது எல்லாம் அவளே சொன்னது. நான் என்ன எழுதினேன்? "குடும்பத்தாருடன் ஒத்துப்போகாத மனநிலை. பிச்சை எடுக்கும் பழக்கம் உள்ளது. கவுன்சிலிங் தேவை." அப்படித்தான் வகுப்பில் மாதிரி காட்டியிருந்தார்கள். பிரச்சினையை ஆளுக்குள்ளே தேடு.

ஆச்சி கேட்டாள்: "எய்யா, அவ்வளவு நேரமா எழுதுதியே, என்னதான் எழுதியிருக்க? எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டேன்."

வாசிக்கவில்லை. ரகசியக் காப்பு என்று ஒரு கொள்கை இருக்கிறதே, அதைச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அவளைப் பற்றிய ரகசியத்தை அவளிடமிருந்தே காப்பாற்றினேன்! நல்ல மார்க் வந்தது.

எங்கள் பாடத்தில் பீஸ்டெக் என்ற பாதிரியாரின் ஏழு கொள்கைகள் உண்டு, 1957-ல் எழுதியது. அதில் ஒன்று, சேவை பெறுபவரின் சுயநிர்ணயம். தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் உரிமை. இதை எல்லாக் கல்லூரியிலும் சார்ட் எழுதி ஒட்டியிருப்பார்கள். சரி, உண்மையிலேயே ஒரு கூட்டம் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே முடிவு செய்தால் என்ன நடக்கும் என்று பார்க்க எங்கள் பக்கமே வரலாம். செங்கோட்டைப் பக்கம் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான பள்ளர்கள் ஒரே நாளில் இஸ்லாத்துக்குப் போனார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது சாதியும் போலீஸ் தொந்தரவும். மத நூல் ஆராய்ச்சி ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடை, பஸ், ஸ்டேஷன், அதைத்தான் சொன்னார்கள். அதுவரை அந்த ஊருக்கு வழி தெரியாத டெல்லித் தலைவர்கள் எல்லாம் அதன் பிறகு வந்தார்கள். வந்து கேட்டது, உங்களை அடித்தது யார் என்று அல்ல. உங்களுக்குப் பணம் கொடுத்தது யார்? வளைகுடாவா? யார் தூண்டியது? தானாக முடிவெடுக்க அவனுக்கு மூளை ஏது என்ற நினைப்பு. மத மாற்றம் சரியா தப்பா என்று இங்கே பேச வரவில்லை, அது அவர்கள் பாடு. நான் சொல்வது அந்தக் கேள்வியைப் பற்றி. அந்தக் கேள்விதான் எங்கள் பாரத்திலும் வேறு வார்த்தையில் அச்சாகியிருக்கிறது.

உடனே எல்லோரும் கேட்பது: "எல்லா இல்லத்தையும் மூடிட்டா அவங்க எங்க போவாங்க?" நியாயமான கேள்விதான், இதை ஏளனம் செய்கிற ஒழிப்புவாதிகளையும் எனக்குப் பிடிக்காது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த 28 மனநோயாளிகள் வெந்து செத்தார்கள். அரசாங்கம் அந்தத் தனியார் காப்பகங்களை மூடியது. மூடி, இருந்தவர்களை அரசு மனநல மருத்துவமனைக்கும் இங்கேயும் அங்கேயுமாக அனுப்பியது. சங்கிலி போனது நல்லது. ஆனால் அவர்களுக்கு ஒரு தெருவோ வீடோ பக்கத்து வீட்டுக்காரரோ கிடைத்ததா? பூட்டை உடைத்தால் மட்டும் போதாது, போகிற இடம் வேண்டும். டேவிஸும் இதைத்தான் சொல்கிறார். சிறையை எடுத்த இடத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவமும் வேலையும் வராவிட்டால் ஒழிப்பு என்பது வெறும் இடிப்பு. ஆச்சியின் விஷயத்தில் அவளுக்கு வேண்டியது இல்லமும் அல்ல, கவுன்சிலிங்கும் அல்ல. ஒரு பாஸ்புக். நாற்பது வருஷம் முன்னால்.

எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி ஒன்றும் இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்து ஊர் ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல், ஆம், மீனாட்சிபுரத்தின் அதே வருஷம், ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பத்மஸ்ரீ எல்லாம் பின்னால் வந்தது. எனக்கு முக்கியம் வேறு. 'கேஸ்' என்று எழுதப்பட வேண்டிய ஆளே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அதுவும் ஒரு நிறுவனம்தான், குறை இருக்கலாம், எல்லோரும் அப்படி ஆரம்பித்துவிட முடியாது என்பதும் தெரியும். ஆனால் பைல் யார் கையில் என்பது அங்கே மாறியது.

உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை எடுக்கச் சொல்லிவிட்டது. எங்கள் களப்பணி பாரத்தில் அதை எடுக்க எந்த நீதிமன்றமும் வேண்டாம், ஒரு துறைத் தலைவரின் கையெழுத்து போதும். சலுகை கிடைக்க சாதி தெரிய வேண்டுமே என்பார்கள். சான்றிதழ் கேட்கும் இடத்தில் கேளுங்கள், சரி. 'பழக்கங்கள்' என்ற கட்டத்துக்கு மேலே அது எதற்கு? அடுத்தது, எழுதியதை எழுதப்பட்டவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி. இதை மட்டும் செய்தால் பாதி கேஸ் ஹிஸ்டரிகளை எங்களால் எழுதவே முடியாது, கூச்சமாக இருக்கும். 1945 சட்டத்தை ரத்து செய் என்று சமூகப்பணி படித்தவர்கள் ஏன் ஒரு மனுகூடக் கொடுக்கக் கூடாது? டெல்லியில் அந்த வேலையை வக்கீல்களும் மனித உரிமைக்காரர்களும் செய்தார்கள். நாங்கள் அந்தச் சட்டத்தில் வேலைக்குப் போகக் காத்திருக்கிறோம்.

அடுத்த மாதத்துக்கு இன்னொரு அமெரிக்கப் புத்தகம் முடிவாகியிருந்தது. அதைத் தள்ளிவைத்து 1945 சட்டத்தையே பிரிவு பிரிவாக வாசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி சரி என்றார், தமிழில் கிடைக்குமா என்று கேட்டார். "என்ன சோலி" நண்பன் பிரிண்ட் எடுத்து வருகிறான். நான் அந்த வெற்றுப் பாரம் ஒன்றைக் கொண்டுபோகிறேன், ஆறு பேரும் அவரவரைப் பற்றி அதில் எழுதி, மற்றவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பழக்கங்கள் உட்பட.